ஸல்ஹாவின் விலைமனு

கின்னியாப் பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியது என்னுடைய பிழைதான். அதை நான் எந்த இடத்திலும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கொட்டியாரக்குடாவில் நின்றது சும்மா கப்பல் இல்லை. ஹெலி இறங்கும் தளத்தோடு ஒரு ரோந்துக் கப்பல். புதுப் பூச்சு. முன்னால் ஒரு பீரங்கி. அதைக் கண்டும் நிறுத்தாமல் போகிறவன் மனுசனா? நான் நிறுத்தினேன். பின்னால் என் மனைவி ஸல்ஹா இருந்தாள்.

"இஞ்சாருங்க, மணி ஏழு இருவது."

"ரெண்டு நிமிசம் புள்ள. கப்பல்ட பக்கத்துல எழுதியிருக்கிற இலக்கத்த மட்டும் பாத்துட்டுப் போயிருவம்."

"போன கிழமையும் ரெண்டு நிமிசம்தான் சொன்னீங்க."

"போன கிழமை நிண்டது எண்ணெய்க் கப்பல். அது வேற, இது வேற."

"ரெண்டும் இரும்புதானே."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பியிருக்கலாம். நான் கிளப்பவில்லை. எண்ணெய்க் கப்பலுக்கும் ரோந்துக் கப்பலுக்கும் உள்ள ஏழு வித்தியாசங்களைப் பாலத்தில் வைத்தே விளக்கினேன். ஆறாவது வித்தியாசத்தில் அவள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். பிடித்து ஏற்றிக்கொண்டு வெள்ளைமணலில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் இறக்கும்போது ஏழு முப்பத்தாறு.

எங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம். ஆசிரியர்கள் கையெழுத்து வைக்கும் புத்தகத்தில் சரியாக ஏழரைக்கு அதிபர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர் நேரத்துக்கு வந்தவர். கீழே வைத்தவர் பிந்தி வந்தவர். ஸல்ஹா அங்கே போன வருசம்தான் சேர்ந்தவள். பதவி இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மாதத்தில் கோட்டுக்குக் கீழே அது அவளுடைய நாலாவது கையெழுத்து. மூன்று போர்க்கப்பல், ஒரு எண்ணெய்க் கப்பல்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக் கதிரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அதிபர் கூப்பிட்டுக் கதைச்சார். இன்னும் ஒருக்காக் கோட்டுக்குக் கீழ போனா, நிரந்தரமாக்கிற கடிதத்துல கையெழுத்து வைக்கமாட்டாராம்."

"நாளையிலேருந்து பாலத்துல நிப்பாட்டமாட்டன்."

"இத மூணு தரம் சொல்லிட்டீங்க. அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்ல. எனக்கு ஒரு ஸ்கூட்டி வேணும்."

"உனக்கு ஓடத் தெரியாதே."

அவள் குசினிக்குள் போய்விட்டாள். பதில் இல்லாத பெண்பிள்ளை தோற்றுவிட்டாள் என்று நினைக்கும் ஆண்பிள்ளைகளில் நானும் ஒருவன்.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் ஸெய்னுதீன். திருகோணமலை நகரத்தில் ஒரு அரச அலுவலகத்தில் பெறுகைப் பிரிவில் எழுதுவினைஞன். பெறுகை என்றால் சாமான் வாங்குவது. பகல் முழுக்க பைல் கவர், கூட்டுகிற தும்புத்தடி, பிளாஸ்ரிக் கதிரை வாங்குவேன். என்ன சாமான் வேண்டும் என்று விவரக்கூற்று எழுதி, மூன்று விலைமனுக் கேட்டு, மதிப்பீட்டுக் குழு கூட்டித்தான் வாங்குவேன். மிச்ச நேரத்தில் பிரிகேட் போர்க்கப்பல், நாசகாரிக் கப்பல், கடல் கண்காணிப்பு விமானம் எல்லாம் வாங்குவேன். இந்த இரண்டாவது வகையை வாங்கித் தரச்சொல்லி இன்னும் எந்த அரசாங்கமும் என்னைக் கேட்கவில்லை. அது அவர்களுடைய நட்டம்.

'திருமலைக் கடற்கண்' என்று எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. கப்பலையும் போர் விமானத்தையும் கண்டால் சாப்பாடு மறக்கிற ஆட்கள். அதை நடத்துவது நானும் கதிர்காமத்தம்பி அண்ணனும். அண்ணன் என் அலுவலகத்திலேயே உள்ளகக் கணக்காய்வில் இருக்கிறவர். எங்களோடு வேலை செய்த தன் தம்பி மகனுக்கே, பிரயாணச் சீட்டில் திகதி பிழை என்று பிரயாணப் படியை வெட்டிய மனுசன். ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் ரெலிபோனில் நாட்டுக்குக் கப்பல் வாங்குவோம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் வாங்குவோம்.

"தம்பி, எங்களைப் போல நாடு பழைய கப்பல் நாலை எடுத்துத் திருத்தி ஓட்டுறதுதான் புத்தி."

"பழசு நாலு எடுத்தா அதுல ரெண்டு எப்பவும் திருத்துற இடத்துலதான் நிக்கும் அண்ணன். புதுசு ஒண்டு எடுங்க."

"அந்தப் புதுசு ஒண்டு திருத்தப் போற அண்டைக்குக் கடலை ஆர் காக்கிறது? நீரோ?"

"சரி, கப்பல விடுங்க. விமானத்துக்கு வாங்க. ஜெற் எடுப்பமா, கண்காணிப்பு விமானம் எடுப்பமா?"

"ஜெற் எழும்பி சத்தம் போட்டிட்டு இறங்கிப்போடும். கண்காணிப்பு விமானம் எட்டு மணித்தியாலம் சுத்தும். கடல் பெரிசு தம்பி."

"அதோட அது ஆளையும் ஏத்தும், மருந்தும் ஏத்தும், புயல் வந்தாத் தேடவும் போகும். ஒண்ட வாங்கினா நாலு வேல. நான் ஏழாம் பாகத்துல எழுதினனே."

"அதை நான் ஒத்துக்கொள்ளுறன்."

கதிர்காமத்தம்பி அண்ணன் ஒத்துக்கொள்வது வருசத்தில் ஒரு தரம். எனக்கு உடம்பு புல்லரித்துப்போனது. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஸல்ஹா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப ஒரே ஒரு வேலை செய்யிற சாமான் வாங்கப்படாதா?"

"வாங்கவே படாது புள்ள. சின்ன நாட்டுக்கு அது ஆடம்பரம்."

"ம்," என்றாள்.

ஏழாம் பாகம் என்று சொன்னேன் அல்லவா, அது நான் குழுவில் எழுதிய தொடர் கட்டுரை. 'கப்பல் வாங்குவது எப்படி' என்று பதினாறு பாகம். அதில் ஐந்தாம் பாகம் மிகவும் பெயர் பெற்றது. விவரக்கூற்றில் கம்பனிப் பெயரையும் மாதிரியையும் எழுதுவது ஊழலுக்குத் திறந்த வாசல், செய்யவேண்டிய வேலையை மட்டும் எழுது, எப்படிச் செய்வதென்று விற்கிறவன் சொல்லட்டும் என்று அதில் முழங்கியிருந்தேன். அறுபத்திரண்டு பேர் பெருவிரல் உயர்த்தினார்கள்.

இவ்வளவு அறிவு இருந்தும் எனக்கு ஒரு குறை. நல்ல கமரா இல்லை. குழுவில் அப்துல் மஜீத் என்று ஒருவர் இருக்கிறார். கப்பலுக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தண்ணிக்குழாய் நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறார். நான் ஒரு மணித்தியாலம் பார்த்து, புத்தகம் புரட்டி, இன்ன வகைக் கப்பல் என்று எழுதுவேன். மஜீத் ஒரு படத்தைப் போடுவார். பாராட்டு முழுக்க அவருக்குப் போகும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அடுத்த மாதம் ஒரு வெளிநாட்டுப் பிரிகேட் திருகோணமலைக்கு வருகிறது. கட்டி ஒரு வருசம்கூட ஆகாத கப்பல். எந்த நாடென்று சொல்லமாட்டேன், சொன்னால் குழுவில் இன்னும் ஓயாத சண்டை திரும்ப மூளும். அந்த வகையில் மூன்று கப்பல் உண்டு, மூன்றும் ஒரே அச்சு. வருவது எது என்று பக்க இலக்கத்தை வாசித்தால்தான் தெரியும். அதை முதலில் வாசித்துப் போடுகிறவன்தான் அந்த வருசத்தின் ஆள். எனக்கு நித்திரை போய்விட்டது.

அதே கிழமையில் நானும் ஸல்ஹாவும் சேர்ந்து கட்டிய சீட்டு எங்களுக்கு விழுந்தது. கமராவும் வாங்கலாம், அல்லது ஸ்கூட்டியும் வாங்கலாம். இரண்டும் வாங்க ஏலாது.

நேரே கேட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆகவே பெறுகைப் பிரிவின் பதினெட்டு வருச அனுபவத்தைப் பாவித்தேன்.

"புள்ள, சண்ட வேணாம். நீயும் விலைமனுப் போடு, நானும் போடுறன். நீதியா ஒரு டெண்டர் வைப்பம்."

"டெண்டர் எண்டா?"

"என்ன வேலைக்குச் சாமான் வேணும் எண்டு நான் விவரக்கூற்று எழுதுவன். அதுக்குப் பொருந்துறத வாங்குவம்."

"விவரக்கூற்று நீங்கதான் எழுதுவீங்களா?"

"எனக்குத்தானே எழுதத் தெரியும்."

"ஓம், அது சரிதான். தீர்ப்புச் சொல்ற ஆள்?"

"யாரையாவது உன்ட பக்கத்து ஆளாப் பாத்துப் போடு," என்றேன் பெருந்தன்மையாக.

"வேணாம். கதிர்காமத்தம்பி அண்ணனையே போடுங்க. நேர்மையான மனுசன்."

என் கூட்டாளியை அவளே நடுவராகக் கேட்கிறாள். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. சந்தோசத்தில் அன்றைக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

விவரக்கூற்றை இரண்டு நாள் இருந்து எழுதினேன். கமராவின் பெயரை எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் ஐந்தாம் பாகம் எழுதிய கையால் எப்படிக் கம்பனிப் பெயர் எழுதுவது? அதுவும் தீர்ப்புச் சொல்பவர் அறுபத்திரண்டு பெருவிரலில் ஒருவர். ஆகவே வேலையை மட்டும் எழுதினேன். எழுதும்போதே ஸ்கூட்டிக்கு நாலு பக்கமும் முள்வேலி அடித்தேன்.

ஒன்று: கப்பல் கொட்டியாரக்குடாவில் நின்றாலும் சரி, உட்துறைமுகத்தில் நின்றாலும் சரி, தகவல் கிடைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் அதன் பக்க இலக்கத்தைச் சாமானின் செலுத்துநர் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஸ்கூட்டி எப்படி இலக்கம் வாசிக்கும்?

இரண்டு: பற்றரியில் மட்டும் இயங்கவேண்டும். பெற்றோல் பாவிக்கும் சாமான் நிராகரிக்கப்படும்.

மூன்று: ஒரே ஆள் இயக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அந்த ஆள் முன்கூட்டியே பயிற்சி பெற்றிருக்கவேண்டும்.

நாலு: அலுமாரிக்குள் பூட்டி வைக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

எழுதி முடித்துவிட்டு நானே ஒருதரம் வாசித்தேன். இவ்வளவு அழகான விவரக்கூற்றை நான் தும்புத்தடிக்குக்கூட எழுதினதில்லை.

முறைப்படி விலைமனுவுக்கு முந்திய கூட்டம் ஒன்று வைக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் அதில் கேட்கலாம், திருத்தம் கோரலாம். சாப்பாட்டு மேசையில் வைத்தோம். ஸல்ஹா கடதாசியை மூன்று தரம் வாசித்தாள்.

"முதல் மூணும் விளங்குது. நாலாவதுல மட்டும் ஒரு சந்தேகம்."

"கேள்."

"அலுமாரிட சாவி துலைஞ்சு ரெண்டு வருசம். இவ்வளவு பெறுமதியான சாமான அதுக்குள்ள வைக்கிறது நல்லமில்லத்தானே. 'பூட்டக்கூடிய இடத்தில்' எண்டு மாத்தினா உங்கட கமராக்கும் பாதுகாப்பு."

அவள் என் கமராவுக்காகக் கவலைப்படுகிறாள். இப்படிப்பட்ட மனிசியோடா போட்டி போடுகிறோம் என்று ஒரு கணம் வெட்கமாகவும் இருந்தது. பேனையை எடுத்து அந்த இடத்திலேயே திருத்திக் கையெழுத்தும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விலைமனுத் திறப்பு. கதிர்காமத்தம்பி அண்ணன் ஒன்பது ஐம்பத்தைந்துக்கே வந்துவிட்டார். கையில் பைல், சட்டைப்பையில் இரண்டு பேனை. ஸல்ஹா எருமைத் தயிரும் அதன்மேல் விடுகிற கித்துள் பாணியும் கொண்டுவந்து வைத்தாள்.

"தங்கச்சி, குறை நினைக்காதைங்கோ. தீர்ப்புச் சொல்லுமட்டும் நான் ஒண்டும் தொடமாட்டன்."

"தெரியும் அண்ணன். அதுதான் மூடி வச்சிருக்கன்."

"என்ன அண்ணன், தெரியாத ஆக்கள் மாதிரி," என்று நான் சிரித்தேன்.

"இப்ப நான் உம்மட சிநேகிதன் இல்லை. குழுவின் தலைவர்," என்றார். கதிரையையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

முதலில் என்னுடைய உறையைத் திறந்தார். கமராவின் படம், விலை, லென்ஸ் நீளம், உத்தரவாதம். எல்லாவற்றுக்கும் சரி போட்டார். எனக்கு மார்பு விரிந்தது. பிறகு ஸல்ஹாவின் உறையைத் திறந்தார். எடுத்த எடுப்பில் ஒரு ஸ்கூட்டியின் படம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"தலைவரே, இரண்டாவது நிபந்தனையப் பாருங்க. பெற்றோல் கூடாது."

"இது பற்றரி ஸ்கூட்டி தம்பி. செருகி வைச்சால் சார்ஜ் ஏறுமாம்."

சிரிப்பு நின்றது. "மூன்றாவதப் பாருங்க. பயிற்சி பெற்ற ஆள் வேணும். இவளுக்கு ஓடத் தெரியாது."

அண்ணன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "சாரதி அனுமதிப்பத்திரத்தின்ர பிரதி இருக்கு. மூண்டு மாசத்துக்கு முதல் எடுத்தது."

நான் ஸல்ஹாவைப் பார்த்தேன். அவள் தயிர்ச் சட்டியைப் பார்த்தாள்.

"எப்ப புள்ள பழகினாய்?"

"நீங்க சனிக்கிழமைல கப்பல் பாக்க டவுனுக்குப் போவீங்களே, அப்ப. பக்கத்து வீட்டு ரிப்கா பழக்கினவ. எட்டுச் சனிக்கிழமை."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"சொன்னனான். சோதினைக்குப் போற அண்டைக்கும் சொல்லிட்டுத்தான் போனன். நீங்க அண்ணனோட விமானம் வாங்கிட்டு இருந்தீங்க. 'ம்' எண்டீங்க."

"ஓம் தம்பி," என்றார் தலைவர். "அந்த 'ம்' எனக்கும் கேட்டது. எனக்குத்தான் சொன்னீர் எண்டு நினைச்சனான்."

நான் விடவில்லை. என் முதலாவது நிபந்தனை இன்னும் மலை மாதிரி நின்றது.

"சரி. ஸ்கூட்டி எப்படிப் பக்க இலக்கம் வாசிக்கும்? அதச் சொல்லட்டும்."

ஸல்ஹா எழுந்து நின்றாள். வகுப்பில் பாடம் எடுப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

"கப்பல் குடாவுல நிண்டா, வீட்டுலேருந்து பாலத்துக்கு எட்டு நிமிசம். உட்துறைமுகத்துல நிண்டா, உட்துறைமுக வீதிக்கு நாப்பது நிமிசம். கிட்டப் போய் நிண்டு வெறுங்கண்ணால வாசிக்கலாம். ஒரு மணித்தியாலம் தந்திருக்காரு. இருவது நிமிசம் மிச்சம்."

"அப்படி இல்ல. இது தூரத்துல இருந்து வாசிக்கிறதுக்கு."

"தூரத்துல இருந்து எண்டு எங்க எழுதியிருக்கு?"

கதிர்காமத்தம்பி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாம் நிபந்தனையை இரண்டு தரம் வாசித்தார். ஒருதரம் மனதுக்குள், ஒருதரம் சத்தமாக.

"எங்க நிண்டு வாசிக்கிறது எண்டு நீர் எழுதேல்லைத் தம்பி."

"அது சொல்லாமலே விளங்குமே அண்ணன்."

"சொல்லாமல் விளங்கிறது கணக்காய்வில இல்லை. அதோட வேலையை மட்டும் எழுது, எப்பிடிச் செய்யிறது எண்டு விற்கிறவன் சொல்லட்டும் எண்டு எழுதினது நீர்தானே. ஐஞ்சாம் பாகம். நான் பெருவிரலும் போட்டனான்."

"நாலாவது? பூட்டி வைக்கிறது?"

"கேற்றுக்குப் பூட்டு இருக்கு," என்றாள் ஸல்ஹா. "திருத்தத்துல அவரே கையெழுத்து வச்சிருக்காரு."

தலைவர் அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். உண்மையான மைதான்.

இரண்டும் தகுதி, விலையும் ஏறக்குறைய ஒன்று. இனி மேலதிகப் பயன்பாட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்றார். இரண்டு பேரையும் கேட்டார்.

"கமராவால கல்யாண வீட்டுலயும் படம் எடுக்கலாம்," என்றேன்.

"போன வருசம் மஜீத் நானா அந்தக் குழாயால எடுத்தாரே. மாப்பிள்ளட மூக்குத்துளை மட்டும்தான் விழுந்திச்சி," என்றாள் ஸல்ஹா. பிறகு தன் கடதாசியை வாசித்தாள். "ஸ்கூட்டில நான் ஸ்கூலுக்குப் போவன். கடைக்குப் போவன். மாமிய கிளினிக்குக்குக் கூட்டிப் போவன். அரிசி மூட்டை ஏத்துவன். கப்பல் வந்தா இவரையும் ஏத்துவன். ஒண்ட வாங்கினா அஞ்சு வேலை. ஒரே ஒரு வேலை செய்யிற சாமான் சின்ன நாட்டுக்கு ஆடம்பரம். ஏழாம் பாகம்."

என் சொந்த எழுத்தை என் சொந்த மனிசி என் முகத்துக்கு நேரே படிக்கிறாள், அதுவும் பாக இலக்கத்தோடு. குழுவில் பாதிப்பேர் அந்தத் தொடரை வாசிக்கவே இல்லை. இவள் பதினாறு பாகத்தையும் நான் அண்ணனுக்கு ஸ்பீக்கரில் வாசிக்கக் கேட்டே பாடமாக்கியிருக்கிறாள். கோபம் வந்தது உண்மை. கொஞ்சம் பெருமையும் வந்தது, அதையும் மறைக்கமாட்டேன்.

"ஸல்ஹாவின்ர விலைமனு ஏற்றுக்கொள்ளப்படுது," என்றார் தலைவர். கையெழுத்து வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகுதான் அவர் தயிர்ச் சட்டியைத் திறந்தார்.

"பாணி இன்னும் கொஞ்சம் விடுங்கோ தங்கச்சி."

நான் கையெழுத்து வைத்த கடதாசிக்குக் கீழே மூன்று இணைப்புகள் இருந்தன. பெறுகைப் பிரிவில் இருக்கிற எவனும் இணைப்பு வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை. புதன்கிழமை ஸ்கூட்டி வந்தது. கொண்டுவந்த ஆட்கள் அதை இறக்கிவிட்டு என் மோட்டார் சைக்கிளை ஏற்றினார்கள்.

"ஏய், ஏய், அது என்ட!"

"இணைப்பு மூணு," என்றாள் ஸல்ஹா. "பழைய கலம் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டு, புதிய கலத்தின் விலையில் கழிக்கப்படும். பழசு எப்பவும் திருத்துற இடத்துலதான் நிக்கும் எண்டு நீங்கதானே அண்ணனுக்குச் சொன்னீங்க."

அடுத்த நாளிலிருந்து நான் பின்னால். கையில் இரண்டு சாப்பாட்டுப் பை. தலையில் ரிப்கா தந்த ஹெல்மட், அதன் கண்ணாடி நினைத்த நேரம் தானாக விழும், விழுந்தால் கையால் தூக்கினால்தான் திறக்கும். என்னை வெள்ளைமணல் பஸ் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டு அவள் பள்ளிக்கூடம் போவாள். அங்கிருந்து நான் பஸ்ஸில் டவுனுக்குப் போவேன். அலுவலகத்தில் காவலாளி கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நிற்பேன். சேவையில் சேர்ந்ததிலிருந்து இல்லாத பழக்கம்.

பிரிகேட் வந்தது அதற்கு இரண்டு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை.

காலை ஏழு மணி. பாலத்துக்குத் திரும்பும் வளைவிலேயே அதன் பாய்மரக்கம்பம் மாதிரி நிற்கும் ராடார்க் கோபுரத்தைக் கண்டுவிட்டேன். குடாவில் நங்கூரம் போட்டு நிற்கிறது. பக்கம் முழுக்கச் சாய்வு, ஒரு மூலைகூட வெளியே தெரியாத உடம்பு, வெய்யிலில் பளபளக்கிறது. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் சாப்பாட்டுப் பை இரண்டும் ஆடின.

"புள்ள, வந்திட்டு. நிப்பாட்டு. ரெண்டு நிமிசம்."

"ஏழு மூணு."

"ஒரு நிமிசம். இலக்கம் மட்டும்."

"செலுத்துநர் வாசிக்கவேணும் எண்டுதான் எழுதியிருக்கு. பின்னால ஏறிப் போற ஆள் வாசிக்கவேணும் எண்டு எழுதல."

"ஸல்ஹா, நீ என்ன கேட்டாலும் தாறன். நிப்பாட்டு."

"கேட்டத நான் எடுத்திட்டன்," என்றாள், வேகத்தைக் குறைக்காமல்.

எட்டிப் பார்த்தேன். எனக்கு முன்னால் அவளுடைய ஹெல்மட். இந்தப் பக்கம் எட்டினேன், வண்டி ஆடியது, அவள் அதட்டினாள். அந்தப் பக்கம் எட்டினேன், என் ஹெல்மட் கண்ணாடி சடக்கென்று விழுந்து மூடியது. அந்தக் கீறல் விழுந்த கண்ணாடிக்குள்ளால் உலகத்தின் மிகப் புதிய பிரிகேட் ஒரு சாம்பல் மேகமாகக் கடந்து போனது. இரண்டு கையிலும் பை. திறக்க ஒரு கை இல்லை. ஸல்ஹா ஏழு பதினெட்டுக்குக் கையெழுத்து வைத்தாள். கோட்டுக்கு மேலே.

பின்னேரம் வீட்டில் குழுவைத் திறந்தேன். முன்னூற்றுச் சொச்சம் செய்தி. மஜீத் அன்றைக்கு மச்சானின் படகில் தூர நின்று படம் எடுத்துப் போட்டிருந்தார். முன்னால் கப்பல், பின்னால் கின்னியாப் பாலம். மனுசனுடைய கமரா கப்பலை விட்டுவிட்டுப் பாலத்தில் போய்க் குறி பிடித்திருக்கிறது. கப்பல் மங்கல். இலக்கம் இருந்த இடத்தில் வெள்ளைப் புகை. பாலம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவு. அதில் ஒரு ஸ்கூட்டி. ஸ்கூட்டியை ஓட்டுகிற ஒரு ஆசிரியை. பின்னால் முகம் மூடிய ஒரு ஆள், இரண்டு கையிலும் பை.

'பின்னால இருக்கிறது ஸெய்னுதீன் நானா மாதிரி,' என்று ஒருவர். 'பையில இருக்கிறது சோறா, பிட்டா?' என்று இன்னொருவர். கப்பலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியாகக் கதிர்காமத்தம்பி அண்ணன் எழுதியிருந்தார். 'தம்பி, நீர் பாலத்திலதானே நிண்டனீர். இலக்கத்தை அறியத் தரவும். குழு காத்திருக்கிறது.' கீழே நாற்பது பேர் பெருவிரல்.

கப்பல் மத்தியானமே நங்கூரம் எடுத்துக் கடற்படைத் தளத்துக்குள்ளே போய்விட்டது, அங்கே வீதியில் நின்றால் ஒன்றும் தெரியாது. இனி எங்கே போய்ப் பார்ப்பது? நான் மெல்ல எழும்பி முன்னறைக்குப் போனேன். ஸல்ஹா கதிரையில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கடித உறை. நிரந்தரமாக்கும் கடிதத்தில் அதிபர் அன்றைக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தார்.

"புள்ள, இண்டைக்குப் பாலத்துல போகக்குள்ள அந்தக் கப்பல்..."

"பாத்தன். முன்னால இருந்தா எல்லாம் வடிவாத் தெரியுது. இலக்கமும் வாசிச்சன்."

"என்ன இலக்கம்?"

அவள் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள்.

"சொல்றன். ஆனா சும்மா இல்ல. இண்டையிலேருந்து ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணி நீங்க ஊத்தவேணும். இஞ்சியும் போட்டு."

"எவ்வளவு நாளைக்கு?"

"கலத்தின் சேவைக்காலம் முழுக்க."

ரெலிபோன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினெட்டு வருசமாக நான் எதையும் மூன்று விலைமனுக் கேட்காமல் வாங்கினதில்லை. ஆனால் சாமான் ஒரே ஒருவரிடம் மட்டும் இருந்தால் வேறு விலைமனுக் கேட்காமல் அவரிடமே எடுக்கலாம் என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. பதினோராம் பாகத்தில் நானே அதைப் பாராட்டி எழுதியிருக்கிறேன்.

குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.